மாத்திரைக்கு அடங்காத குழந்தை வலிப்பு: மூளை ஸ்கேன் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

குழந்தைக்கு வலிப்பு வருகிறது. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'நார்மல்' என்றால் அந்த மெஷினில், அந்த முறையில், குழந்தையின் அந்த வயதில் எடுத்த படத்தில், அதைப் பார்த்தவருக்கு எதுவும் தென்படவில்லை என்று மட்டுமே அர்த்தம். மூளையில் காரணமே இல்லை என்று அர்த்தம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் பல குழந்தைகளுக்கு வருடங்கள் வீணாகின்றன.

எத்தனை மாத்திரை கொடுத்தும் நிற்காவிட்டால் 'கட்டுப்படாத வலிப்பு' என்பார்கள்?

இரண்டு. பலரும் ஐந்து, ஆறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவ அமைப்பு 2010இல் கொடுத்த வரையறைப்படி, சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதுமான அளவில், ஒழுங்காகக் கொடுத்த பிறகும் வலிப்பு தொடர்ந்தால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு.

ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பெரிய காரணம். அதற்கு முன் மருந்தே எடுக்காத 470 பேரில், முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம் மட்டுமே. பெரியவர்களும் இருந்த ஆய்வுதான், ஆனால் பிறகு வந்த ஆய்வுகளும் இதையேதான் காட்டின: முதல் இரண்டு மருந்துகள் பலிக்காவிட்டால், மூன்றாவதும் நான்காவதும் தனியாக வலிப்பை முழுசாக நிறுத்த வாய்ப்பு குறைவு. அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. மருந்து ஒருபக்கம் தொடரட்டும், இன்னொரு பக்கம் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். எடை கூடியதற்கு ஏற்ப மருந்தின் அளவு கூட்டப்பட்டதா? வேளை தவறாமல் கொடுக்கிறோமா? வருவது உண்மையிலேயே வலிப்புதானா? மூச்சைப் பிடித்துக்கொண்டு நீலமாகிற குழந்தையும், மயங்கி விழுகிற குழந்தையும் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பது உண்டு.

எம்.ஆர்.ஐ. ஏற்கெனவே எடுத்துவிட்டோம். நார்மல். மறுபடி எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஜெர்மனியின் பான் நகரில் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஒரு மூளைப் பகுதியிலிருந்து தொடங்கும் வலிப்பு உள்ளவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான படத்தை, வலிப்பில் தனிப் பயிற்சி இல்லாத மருத்துவர் பார்த்தபோது, இருந்த கோளாறுகளில் 39 சதவீதம்தான் ரிப்போர்ட்டில் வந்தது. அதே படத்தை வலிப்புப் படங்களில் தேர்ந்தவர் பார்த்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே தனி முறையில் எடுத்து, தேர்ந்தவர் பார்த்தபோது 91 சதவீதம். மூளை அதேதான். எடுத்த விதமும் பார்த்த கண்ணும்தான் வேறு.

தலைவலிக்கோ அடிபட்டதற்கோ எடுக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் படத்தின் ஒவ்வொரு துண்டும் 5 மில்லிமீட்டர் கனம் இருக்கும், நடுவில் இடைவெளியும் விட்டிருப்பார்கள். கட்டியோ ரத்தக் கசிவோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் குழந்தையின் வலிப்புக்குக் காரணமான இடம் சில மில்லிமீட்டர் அளவில், ஒரு மடிப்பின் அடியில் இருக்கலாம். அது இரண்டு துண்டுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

அதனால் 2019இல் சர்வதேச நிபுணர்கள் ஒரு குறைந்தபட்ச முறையை வகுத்தார்கள். 1 மில்லிமீட்டர் கனத்தில் இடைவெளி இல்லாத முப்பரிமாண டி1 படம் ஒன்று, அதே கனத்தில் முப்பரிமாண ஃபிளேர் படம் ஒன்று, அப்புறம் ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதிக்குச் செங்குத்தாக வெட்டி எடுத்த நுட்பமான டி2 படம் ஒன்று. டி1, ஃபிளேர், டி2 எல்லாம் ஒரே எம்.ஆர்.ஐ. மெஷின் எடுக்கும் படங்களின் வகைகள். குழந்தை அசையாமல் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் மூன்றையும் எடுத்துவிடலாம். ஸ்கேன் சென்டரில் 'எபிலெப்சி புரோட்டோகால்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மருத்துவர் சீட்டிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.

3 டெஸ்லா மெஷின் கிடைத்தால் நல்லது (டெஸ்லா என்பது மெஷினின் காந்த பலத்தைக் குறிக்கும் அளவு). கிடைக்காவிட்டால், 1.5 டெஸ்லாவில் இந்த முறைப்படி எடுத்த படமே 3 டெஸ்லாவில் ஏனோதானோவென்று எடுத்த படத்தைவிடப் பயன்படும்.

இன்னொன்று. படம் பார்ப்பவருக்கு எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். சீட்டில் வெறுமனே 'வலிப்பு' என்று எழுதியிருந்தால் அவர் முழு மூளையிலும் தேடுகிறார். 'இடது கை முதலில் இழுக்கிறது, இ.இ.ஜி.யில் வலது முன்பக்கம் அலைகள்' (இ.இ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) என்று எழுதியிருந்தால், வலது முன்மூளையின் ஒவ்வொரு மடிப்பையும் நின்று பார்ப்பார். முதல் முறை நார்மல் என்று போன படத்தில், இந்த ஒரு வரி கிடைத்த பிறகு கோளாறு பிடிபடுவது உண்டு.

அப்படி ஒளிந்துகொள்கிற கோளாறு என்ன?

பெரும்பாலும் கார்டிகல் டிஸ்பிளேசியா. கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் உள்ளிருந்து புறணி என்ற வெளி அடுக்குக்கு நகர்ந்து போய் அடுக்கடுக்காக அமர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் அந்த அடுக்கு சரியாக அமையாமல், அணுக்களும் விகாரமாக வளர்ந்துவிட்டால் அந்த இடம் பிற்பாடு வலிப்பைக் கிளப்பும். லண்டனில் டேவிட் டெய்லரும் அவருடைய சகாக்களும் 1971இல் இதை முதன்முதலில் தெளிவாக விவரித்தார்கள்.

ஐரோப்பாவின் 12 நாடுகளில், வலிப்புக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 9,523 பேரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று உண்டு. பெரியவர்களிடம் அதிகம் இருந்தது ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தழும்பான நிலை. குழந்தைகளிடம் முதலிடம் மூளைப் புறணி உருவாகும்போதே ஏற்படும் கோளாறுகளுக்கு, ஏறக்குறைய 39 சதவீதம். அவற்றில் அதிகம் இந்த டிஸ்பிளேசியாதான்.

படத்தில் இது எப்படித் தெரியும் என்று காட்டச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள், காட்டுவார்கள். மூளையின் ஓரத்தில் சாம்பல் பகுதி, உள்ளே வெண்பகுதி, இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போன்ற தெளிவான கோடு இருக்கும். டிஸ்பிளேசியா உள்ள இடத்தில் அந்தக் கோடு மங்கி, கரைந்து போயிருக்கும். சாம்பல் பகுதி அங்கே கொஞ்சம் தடித்திருக்கும். பக்கத்து மடிப்பைவிட அந்த மடிப்பின் பள்ளம் ஆழமாகப் போகும். சில குழந்தைகளுக்கு ஃபிளேர் படத்தில் அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து வெளிர் நிறத்தில் ஒரு வால் கிளம்பி, மெலிந்துகொண்டே உள்ளே இருக்கும் நீர் அறை வரைக்கும் போகும். கருவில் அணுக்கள் நகர்ந்து வந்த பாதை அது. அந்த வாலைப் பார்த்துவிட்டால் நிபுணருக்கு அநேகமாகச் சந்தேகமே இருக்காது. வால் இல்லாத, கோடு மட்டும் மங்கிய வகைதான் கண்ணை ஏமாற்றும்.

பெற்றோர் செய்த எதனாலும் இது வருவதில்லை. கர்ப்ப காலத்தில் சாப்பிட்டது, பயணம் போனது, கிரகணத்தன்று வெளியே வந்தது, எதுவும் காரணம் இல்லை. இந்த அணுக்களில் மட்டும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்று கருவிலேயே பிழைபட்டிருப்பதைப் பல குழந்தைகளின் திசுவில் கண்டிருக்கிறார்கள்.

வேறு என்ன காரணங்கள் ஸ்கேனில் தெரியும்?

நிறைய. மெதுவாக வளரும் சின்னக் கட்டிகள் தெரியும், இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் மூளையில் பல இடங்களில் முடிச்சுகள் இருக்கும், தோலில் வெளிர்ப் புள்ளிகளும் இருக்கும். ஸ்டர்ஜ் வெபர் என்ற நோயில் முகத்தில் ஒயின் நிறத் தழும்போடு மூளையின் மேல் ரத்தக் குழாய்க் கோளாறும் இருக்கும். பாதி மூளை மட்டும் பெருத்திருப்பதும் உண்டு. ராஸ்முஸன் நோயில் ஒரு பக்க மூளை மாதக்கணக்கில் அழற்சியால் சுருங்கிக்கொண்டே போகும், அதனால் இதில் ஒரே ஒரு படம் போதாது, இடைவெளி விட்டு எடுத்து ஒப்பிட வேண்டும்.

குழந்தை காரணமே இல்லாமல், சந்தோஷமும் இல்லாமல், திடீர் திடீரெனச் சிரிக்கிறதா? வீட்டில் எல்லாரும் அதைச் சேட்டை என்று எடுத்துக்கொள்வார்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் இருக்கும் பட்டாணி அளவுத் திசு ஒன்று இப்படிச் சிரிப்பு வலிப்பை வரவைக்கும். அங்கே நுட்பமாக எடுத்த எம்.ஆர்.ஐ.தான் அதைக் காட்டும்.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இரண்டு. ஒன்று, பிறந்த முதல் சில நாட்களில் ரத்தச் சர்க்கரை இறங்கிப்போனதால் வந்த பாதிப்பு. பால் சரியாகக் குடிக்காமல், சோர்ந்து கிடந்த குழந்தைக்குச் சர்க்கரை பார்க்கப்படாமல் விட்டுப்போயிருக்கும். படத்தில் மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் தழும்பு தெரியும். இந்தியாவில் ஒரு வயதுக்குள் வரும் கொத்துக்கொத்தான வலிப்புக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. தவிர்த்திருக்கக்கூடியது என்பதால் எழுதும்போதே மனசு கஷ்டப்படுகிறது.

இரண்டாவது, நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் போய் மூளையில் தங்கும் புழுக்கட்டி. ஒரு காலத்தில் சி.டி. ஸ்கேனில் இப்படி ஒற்றைப் புள்ளி தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் திசுவை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை புழுக்கட்டிகள் என்று 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஒற்றைப் புழுக்கட்டியால் வரும் வலிப்பு பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். ஆறிய பிறகு சுண்ணாம்புப் புள்ளியாக நின்றுவிட்டால் சிலருக்குத் தொடரும்.

பாப்பாவுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. இப்போது எடுத்தால் தெரியுமா?

எடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறக்கும்போது குழந்தையின் நரம்பிழைகளுக்கு வெண்ணிற உறை முழுமையாக இருக்காது. முதல் இரண்டு வருடங்களில்தான் அது படிப்படியாக உருவாகிறது. அதனால் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் படத்தில் தெரியும் வேறுபாடு மாதத்துக்கு மாதம் மாறும். முதல் ஆறு மாதத்துக்குள் டி2 படத்தில் தெரிந்த டிஸ்பிளேசியா, ஒரு வயதில் எடுக்கும்போது மறைந்துபோகலாம். கோளாறு குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு, இரண்டரை வயதுக்கு மேல் மறுபடி எடுத்தால் அது திரும்பத் தெரியும்.

ஆகவே சின்ன வயசில் எடுத்த முதல் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்பாடு அதுவே பெரிய சாட்சி ஆகலாம்.

குழந்தை விகாபாட்ரின் மருந்து சாப்பிடுகிறது என்றால் ஸ்கேன் சீட்டில் குறிப்பிடச் சொல்லுங்கள். அந்த மருந்தே மூளையின் ஆழப் பகுதிகளில் தற்காலிக மாற்றங்களைக் காட்டும். விஷயம் தெரியாதவர் அதை வேறு நோய் என்று எழுதிவிடுவார். நீண்ட வலிப்பு வந்த மறுநாள் எடுத்த படத்திலும் தற்காலிக வீக்கம் தெரியும், சில வாரம் கழித்துப் பார்த்தால் இருக்காது.

ஸ்கேனுக்காகக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தா?

படம் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் வர வேண்டுமென்றால் குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும், மெஷின் சத்தமோ காதைப் பிளக்கும். கைக்குழந்தையைப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்க வைத்தே எடுத்துவிடலாம். ஆறேழு வயதுக்கு மேல், முன்கூட்டியே சத்தத்தைக் கேட்க வைத்துப் பழக்கினால் பல குழந்தைகள் மருந்தில்லாமலே ஒத்துழைப்பார்கள். நடுவில் உள்ள வயதுக்குத்தான் மயக்கம் தேவைப்படும். மயக்க மருத்துவர் அருகில் இருந்து, மூச்சையும் ஆக்சிஜனையும் கண்காணிக்கிற இடமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அவர் இல்லாத இடத்தில் எடுக்க வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். காலை மாத்திரை?

சாப்பாட்டை நிறுத்தச் சொன்னால் வலிப்பு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். முந்தின நாளே போன் செய்து மயக்க மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சி.டி. ஸ்கேன் போதாதா?

அவசரத்துக்கு உதவும், சுண்ணாம்புப் படிவை நன்றாகக் காட்டும். டிஸ்பிளேசியாவைத் தேட உதவாது. கதிர்வீச்சும் உண்டு.

பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புற்றுநோய்க்கு எடுப்பதுதானே அது?

அதே மெஷின்தான், கேட்கும் கேள்வி வேறு. மூளை சர்க்கரையை எரித்துத்தான் வேலை செய்கிறது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை மிகச் சிறிய அளவில் ஊசியில் செலுத்தி, எந்தப் பகுதி எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று படம் எடுக்கிறார்கள். வலிப்பைக் கிளப்பும் இடம், வலிப்பு இல்லாத நேரத்தில் பக்கத்துப் பகுதிகளைவிடக் குறைவாகச் சர்க்கரை எடுக்கும். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியாத குழந்தைக்கும் இதில் ஒரு மங்கலான பகுதி தெரியலாம். அமெரிக்காவில் ஹாரி சுகானியும் சகாக்களும் 1990இல் இப்படித்தான், காரணம் தெரியாது என்று விடப்பட்ட கைக்குழந்தைகளின் கொத்து வலிப்புக்கு மூளையில் குறிப்பிட்ட இடம் ஒன்று காரணமாக இருக்கலாம் என்று காட்டினார்கள்.

பெட் படம் தனியாகக் கொஞ்சம் தெளிவில்லாததுதான். அதை எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் பொருத்திப் பார்க்கும்போதுதான் அதன் பலன் தெரியும். 'இங்கே சர்க்கரை குறைவு' என்று பெட் சொன்ன இடத்தில் எம்.ஆர்.ஐ.யைத் திரும்பப் பார்த்தால், முதல் தடவை கண்ணில் படாத மங்கிய கோடு தெரியவரும். அதனால் பெட் எடுத்த பிறகு எம்.ஆர்.ஐ.யைத் திரும்பப் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஊசி போட்ட நேரத்தில் வலிப்பு வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும், மங்க வேண்டிய இடம் பிரகாசிக்கும். பார்த்தால் உடனே சொல்லுங்கள். கீட்டோ உணவில் (மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிய உணவு) இருக்கும் குழந்தை என்றால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வலிப்பு வரும்போதே ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் என்கிறார்களே?

ஸ்பெக்ட். வலிப்பு தொடங்கும் இடத்துக்கு அந்த நொடியில் ரத்தம் பாய்ந்து போகும். அப்போது ஊசி போட்டால் மருந்து ரத்தத்தோடு போய், ஓரிரு நிமிடத்தில் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். படத்தைப் பிறகு நிதானமாக எடுக்கலாம்.

கேட்க எளிது, செய்வது பெரிய பாடு. குழந்தையின் தலை முழுக்க இ.இ.ஜி. வயர்கள், கையில் ஊசிக்குழாய். பக்கத்து நாற்காலியில் நர்ஸ், அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஈய உறைக்குள் மருந்து நிரப்பிய சிரிஞ்ச். மாத்திரை குறைக்கப்பட்டிருக்கும், வலிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பல வேளைகளில் மானிட்டரில் அலை மாறுவதற்கு முன்பே அம்மாதான் கண்டுபிடிப்பார்: 'இதோ, வாயைச் சப்புகிறான், வருது!' அந்தக் குரல் கேட்டதும் நர்ஸ் மருந்தைச் செலுத்துகிறார். பத்து இருபது நொடிக்குள் போட்டால் ரத்தம் முதலில் பாய்ந்த இடம் தெரியும். தாமதமானால் வலிப்பு பரவிப்போன இடம்தான் தெரியும், அது தப்பான இடத்தைக் காட்டிவிடும். காத்திருந்து மருந்தின் வீரியம் தீர்ந்து, மறுநாள் மறுபடி தொடங்க வேண்டியும் வரும்.

வலிப்பு இல்லாத நாளில் இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் கழித்து, மிச்சத்தை எம்.ஆர்.ஐ. மேல் பொருத்துவார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1990களில் இதை முறைப்படுத்தினார்கள்.

எம்.இ.ஜி. என்றால்?

நரம்பணுக்களில் மின்சாரம் ஓடும்போது உண்டாகும் காந்தப்புலத்தை அளப்பது. பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறியது அது, அதனால் தனிக் கவச அறையும் திரவ ஹீலியத்தில் குளிரவைத்த உணரிகளும் வேண்டும். மண்டையோடு இ.இ.ஜி. அலையைச் சிதறடிக்கும், காந்தப்புலத்தை அவ்வளவாகச் சிதறடிக்காது. அதனால் இடத்தைக் கூர்மையாகச் சொல்லும். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் டெல்லி எய்ம்ஸிலும் இருக்கிறது. எல்லாருக்கும் தேவைப்படாது.

செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்று செய்தியில் பார்த்தோம்.

உண்மையான முன்னேற்றம்தான். லண்டன் கிங்ஸ் கல்லூரியும் யு.சி.எல். பல்கலைக்கழகமும் பல நாட்டு மருத்துவமனைகளோடு சேர்ந்து செய்த 'மெல்டு' திட்டத்தின் கருவி, மருத்துவர்கள் தவறவிட்ட டிஸ்பிளேசியாக்களில் 64 சதவீதத்தைப் பிடித்ததாக 2025இல் வெளியிட்டார்கள். அதே வருடம் மெல்போர்னில் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ.யையும் பெட்டையும் சேர்த்துப் பார்க்கும் கருவியைச் சோதித்தார்கள். சோதனைக் குழுவில் இருந்த 17 குழந்தைகளில் 12 பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, 11 பேருக்கு வலிப்பு நின்றது.

ஆனால் இந்தக் கருவிகள் ஒன்றுமில்லாத இடத்தையும் சுட்டிக்காட்டும். 'இங்கே ஒருமுறை பாருங்கள்' என்று நிபுணரின் தோளைத் தட்டும், அவ்வளவுதான். முடிவு இ.இ.ஜி.யும் மருத்துவரும் சேர்ந்து எடுப்பது. கொடுக்கும் படம் 5 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் எந்தக் கருவியும் ஒன்றும் செய்ய முடியாது.

7 டெஸ்லா மெஷின்?

சில நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது, சாதாரணமாகத் தெரியாத சிலவற்றைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 30 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்குத்தான் அனுமதி கொடுத்தார்கள், ஆகவே சின்னக் குழந்தைக்கு இதைத் தேடி அலைய வேண்டாம்.

எல்லா ஸ்கேனும் முறையாக எடுத்தும் ஒன்றும் இல்லை. அப்படியானால்?

அப்போதுதான் 'நார்மல்' என்பது ஒரு தகவலாகிறது. காரணம் மரபணுவிலோ உடலின் ரசாயனத்திலோ இருக்கலாம். காய்ச்சலோடும் வெந்நீர்க் குளியலோடும் ஒரு வயதுக்குள் தொடங்கி, நீண்ட நேரம் நீடிக்கும் வலிப்பு என்றால் டிராவே என்ற மரபணு நோயை நினைக்க வேண்டும். ஆரம்பத்தில் அதில் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கும். கார்பமாசெபின் போன்ற வலிப்பு மருந்துகள் அதைக் கூட்டிவிடும் என்பதால் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்துவது சிகிச்சையையே மாற்றும். மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேராத இன்னொரு நோயைத் தண்டுவட நீரில் சர்க்கரை அளந்தால் பிடித்துவிடலாம், கீட்டோ உணவுதான் அதற்கு மருந்து. வைட்டமின் பி6 கொடுத்தால் நிற்கும் வலிப்பும் இருக்கிறது. இவை அரிதானவை, ஆனால் மருந்து இருப்பவை. அதனால் தேடிவிட வேண்டும்.

ஸ்கேனில் கோளாறு தெரிந்துவிட்டது. உடனே ஆபரேஷனா?

இல்லை. படத்தில் தெரியும் எல்லாமே வலிப்புக்குக் காரணம் அல்ல. அரக்னாய்டு நீர்க்கட்டி (மூளையை மூடிய சவ்வில் நீர் தேங்கிய பை) என்று ரிப்போர்ட்டில் வந்தால் பெற்றோர் பதறிப்போகிறார்கள். அது பல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் இருப்பது, பெரும்பாலும் வலிப்புக்குச் சம்பந்தமே இருக்காது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸிலோ பத்து முடிச்சு இருக்கும், ஒன்றுதான் குற்றவாளியாக இருக்கும்.

குழந்தையை மருத்துவமனையில் தங்கவைத்து வீடியோவோடு இ.இ.ஜி. எடுத்து, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். அதுவும், வலிப்பின் தோற்றமும், படமும் ஒரே இடத்தைக் காட்டினால் பாதை தெளிவு. ஒன்றுக்கொன்று முரண்பட்டால், மெல்லிய மின்முனைகளை மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்ப்பதும் உண்டு.

பலன் எப்படி? டெல்லி எய்ம்ஸில் 18 வயதுக்கு உட்பட்ட 116 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு வருடம் கழித்து, அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. காத்திருப்புப் பட்டியலில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம். உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு அது, நம் நாட்டுக் குழந்தைகளிடம் செய்தது. அதே ஆய்வில், அறுவை செய்த மூன்றில் ஒருவருக்குப் பாதிப்புகளும் வந்தன. அவற்றில் பல, இன்ன பக்கம் கை கால் பலவீனமாகும் என்று முன்கூட்டியே சொல்லிச் செய்தவை. இந்த இரண்டு பக்கத்தையும் உங்களிடம் சொல்லாத மருத்துவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூளையில் கை வைத்தால் பேச்சு போய்விடாதா?

அதைத் தவிர்ப்பதற்கும் இமேஜிங்தான் வழி. படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லி எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் பேச்சுப் பகுதி எந்தப் பக்கம் என்று தெரியும். கை கால் நரம்புப் பாதைகளையும் தனிப் படத்தில் வரைந்து பார்க்கலாம். சின்ன வயசு மூளைக்கு இன்னொரு பலமும் உண்டு: ஒரு பக்கம் ஆரம்பத்திலேயே பழுதாகியிருந்தால் பேச்சு மறுபக்கத்துக்கு இடம் மாறியிருக்கும். பாதி மூளையின் தொடர்பைத் துண்டிக்கும் பெரிய அறுவைக்குப் பிறகும் பெரும்பாலான குழந்தைகள் நடக்கிறார்கள். விரல்களின் நுண்ணிய அசைவும் ஒரு பக்கப் பார்வையும் போகும். தினம் பத்து இருபது வலிப்போடு, கற்றதையெல்லாம் மறந்துகொண்டே வரும் குழந்தைக்கு முன்னால் வைத்துத்தான் இந்த இழப்பை எடைபோட வேண்டும்.

அறுவைக்கு ஏற்ற இடம் கிடைக்காத குழந்தைகளுக்குக் கீட்டோ உணவும், கழுத்து நரம்பில் கருவி பொருத்துவதும், புதிய மருந்துகளும் இருக்கின்றன.

எங்கே போவது?

வலிப்புக்கென்று தனிக் குழு உள்ள இடத்துக்கு. குழந்தை நரம்பியல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், நியூரோசர்ஜன், உளவியலாளர் எல்லாரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரே குழந்தையின் படத்தைப் பேசுகிற இடம் அது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1952இலேயே வலிப்புக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், இந்தியாவில் அதுதான் முதல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1990களின் நடுவிலிருந்து பெரிய மையம் இயங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸும் டெல்லி எய்ம்ஸும் உண்டு. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் போன அன்றே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.

முதல் முறை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பிலிமும் போதாது. ஸ்கேன் சென்டரில் படங்களின் மூலக் கோப்பை டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். 'டைகாம்' என்று கேளுங்கள். நிபுணர் அதைக் கம்ப்யூட்டரில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க முடியும், மறுபடி ஸ்கேன் எடுக்கும் செலவே மிச்சமாகலாம்.

அப்புறம், போனில் எடுத்த வலிப்பு வீடியோ. முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி, போர்வையை விலக்கிவிட்டு எடுங்கள். தொடக்கம்தான் முக்கியம், அதனால் வந்தவுடன் எடுக்கத் தொடங்குங்கள். இடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வருகிறதா என்பதும் பதிவாகட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் வீடியோவை விட்டுவிட்டு, மருத்துவர் கொடுத்து வைத்திருக்கும் அவசர மருந்தைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். எடை, அழுகை, சர்க்கரை அளவு, மஞ்சள் காமாலை எல்லாம் அதில்தான் இருக்கும். இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டியோ ஆயாவோ குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். வலிப்பின் முதல் சில நொடிகளைப் பார்த்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.